எத்தனை மணிக்குச் சார்ஜ் போடுகிறீர்கள்?

மின்சாரக் கார் வாங்கிய முதல் ஆறு மாதம் என்னிடம் மாட்டிக்கொண்டவர்கள் பாவம். எந்தப் பேச்சை எடுத்தாலும் பேட்டரியில் கொண்டுபோய்த்தான் முடிப்பேன். அதிகம் மாட்டியவர் என் மச்சான். அவர் டீசல் ஆள். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைத் தானே சர்வீஸ் பார்த்துக்கொள்பவர், சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் சாயங்காலம் வாசலில் கிடந்த சார்ஜ் கேபிளைத் தாண்டி உள்ளே வந்தவர், திரும்பி நின்று அதை ஒரு பார்வை பார்த்தார்.

"புகைக்குழாயைக் கழட்டி பவர் ஹவுஸ்ல மாட்டியிருக்கீங்க மாப்ள. வேறென்ன?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. பெட்ரோல், டீசல் எஞ்சின் எரிக்கும் எரிபொருளில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றிலொரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மீதி வெப்பமாகக் காற்றில் போகிறது. மின்மோட்டாரில் 90 சதவீதம் வேலையாக மாறுகிறது. பிரேக் பிடித்தால்கூடக் கொஞ்சம் திரும்ப பேட்டரிக்கு வருகிறது. மனப்பாடமாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அதெல்லாம் இருக்கட்டும். இப்ப, இந்த நிமிஷம், இந்த வயர்ல போற கரண்ட் எங்கிருந்து வருது?" என்றார்.

மணி ஏழரை. இருட்டிவிட்டது. மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலையான மின்தொகுப்பை நடத்துகிறவர்கள் எந்த வகை உற்பத்தி எவ்வளவு என்பதை உடனுக்குடன் இணையத்தில் போடுவார்கள், இப்போது பல நாடுகளில் அது உண்டு. போனில் திறந்து காட்டினேன். காட்டிய பிறகுதான் நானே பார்த்தேன். சூரிய மின்சாரம் பூஜ்யம். காற்று கொஞ்சம். மீதியெல்லாம் நிலக்கரியும் எரிவாயுவும். மதியம் படுத்துக்கிடந்த கோடுகள் ஆறு மணியிலிருந்து செங்குத்தாக ஏறியிருந்தன. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன்.

நோட்டில் எழுதியது பெரிய விஷயமெல்லாம் இல்லை. தேதி, சார்ஜ் போட்ட நேரம், எடுத்த நேரம், சுவரில் வைத்த தனி மீட்டரின் அளவு, கார் காட்டும் அளவு, ஓடிய தூரம், அந்த மணிக்கு மின்தொகுப்பில் எது அதிகம். ஏழு பத்தி. ஒரு நாளைக்கு ஒரு நிமிட வேலை. மூன்று வருடம் ஆகிறது. வாதாடிக் கற்றுக்கொண்டதைவிட இந்த நோட்டில் கற்றுக்கொண்டது அதிகம்.

முதல் பாடம் இரண்டாவது வாரத்திலேயே வந்தது. காரின் திரை 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் என்கிறது, சுவர் மீட்டர் 16 என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் இல்லை. கார் பேட்டரியிலிருந்து எடுத்ததைச் சொல்கிறது, மீட்டர் சுவரிலிருந்து போனதைச் சொல்கிறது. நடுவில் சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய நேர்த்திசை மின்சாரமாக மாற்றும்போது கொஞ்சம் போகிறது. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க காரின் கணினியும் பம்பும் விழித்திருக்க வேண்டும், அதற்குச் சில நூறு வாட் தேவை. மெதுவாக ஏற்றினால் அவை அதிக நேரம் விழித்திருக்கும், ஆகவே இழப்பும் கூடும். பில் வருவது சுவர் மீட்டருக்குத்தான். மின்வண்டி ஆதரவாளர்கள் திரையில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு பேசுவார்கள், நானும் பேசினேன். இப்போது யாராவது எண் சொன்னால் முதலில் எங்கே அளந்தது என்று கேட்கிறேன்.

கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்புவதும் இதே ரகம். கிலோவாட் என்பது குழாயின் அகலம் மாதிரி, யூனிட் என்பது வாளியில் நிறைந்த தண்ணீர். "அங்கே இத்தனை மெகாவாட் சோலார் வந்துவிட்டது, இனி நிலக்கரி எதற்கு" என்று ஒருவர் எழுதுவார், "ராத்திரி என்ன செய்வாய்" என்று இன்னொருவர் கேட்பார். முதலாமவர் குழாயைச் சொல்கிறார், இரண்டாமவர் வாளியைக் கேட்கிறார். என் கூரையில் 4 கிலோவாட் பலகைகள். நல்ல வெயில் நாளில் 16, 17 யூனிட் கிடைக்கும். 4-ஐ 24 மணியால் பெருக்கினால் 96 வர வேண்டுமே என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

இனி அந்த ஏழரை மணி விஷயம். மூன்று மாத நோட்டைக் கூட்டிப் பார்த்தால், நான் ஏற்றிய மின்சாரத்தில் பத்தில் எட்டுப் பங்கு மாலை ஆறுக்கும் பத்துக்கும் நடுவில். வேலை முடிந்து வந்து, வண்டியை நிறுத்தி, செருகிவிட்டு உள்ளே போவேன். நான் மட்டுமல்ல, வண்டி வைத்திருக்கும் எல்லோரும் அதையேதான் செய்கிறோம். அதே நேரத்தில்தான் விளக்கு, அடுப்பு, ஏசி அல்லது ஹீட்டர் எல்லாம் போடப்படுகின்றன. அதே நேரத்தில்தான் சூரியனும் விடைபெறுகிறது. கலிபோர்னியாவின் மின்தொகுப்பு அமைப்பு 2013-இல் இதை ஒரு வரைபடமாகப் போட்டது. சூரிய மின்சாரம் போக மீதித் தேவையின் கோடு அது: மதியம் தொங்கும் வயிறு, மாலையில் நிமிரும் கழுத்து. பார்க்க வாத்து மாதிரி இருந்ததால் வாத்து வளைவு என்றே பெயர் வந்துவிட்டது. நான் தினமும் அந்த வாத்தின் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சூரியனில் ஓடுகிறேன் என்று பெருமை பேசியிருக்கிறேன்.

மச்சான் முழுக்கச் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. மின்வண்டி பிறக்கும்போதே ஒரு கடனோடு பிறக்கிறது. பேட்டரி செய்ய ஆகும் எரிசக்தி அதிகம், எனவே ஷோரூமிலிருந்து வெளியே வரும் நாளில் அதன் கார்பன் கணக்கு டீசல் வண்டியைவிட மோசம். ஓட ஓடக் கடன் அடையும். எவ்வளவு சீக்கிரம் அடையும் என்பது நாம் ஏற்றும் மின்சாரத்தைப் பொறுத்தது. நார்வேயில் பெரும்பகுதி நீர்மின்சாரம், அங்கே வேகமாக அடையும். நிலக்கரி நிறைந்த மின்தொகுப்பில் மெதுவாக அடையும். டீசல் வண்டிக்கோ கடைசி நாள்வரை ஒரே கணக்குதான், பழசாக ஆகச் சுத்தமாவதில்லை. மின்தொகுப்பு மாறும்: பிரிட்டனில் முதல் பொது நிலக்கரி மின்நிலையம் 1882-இல் லண்டனில் ஓடத் தொடங்கியது, கடைசி நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அங்கே பத்து வருடம் முன்பு வாங்கிய மின்வண்டி, ஒரு போல்ட்கூட மாற்றாமல், வாங்கிய நாளைவிட இன்று சுத்தமாக ஓடுகிறது. இதை மச்சானிடம் சொன்னபோது, "அப்ப இன்னும் பத்து வருஷம் கழிச்சு வாங்கிக்கிறேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய ஓட்டத்துக்கு அது நியாயமான முடிவாகவும் இருக்கலாம்.

நான் செய்தது நேரத்தை மாற்றியதுதான். வாரத்தில் மூன்று நாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அந்த மூன்று நாளும் காலை பத்தரைக்குச் செருகி மூன்றரைக்கு எடுத்தால், மெதுவான சார்ஜிலேயே நாளுக்கு 11, 12 யூனிட் ஏறும். வாரம் 200, 220 கிலோமீட்டர் ஓடும் எனக்கு அது போதும். தினமும் செருக வேண்டும், எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்ற பதற்றம் பெட்ரோல் காலத்துப் பழக்கம். பகலில் வீட்டில் இல்லாதவர்களுக்கு இந்த வழி இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு நள்ளிரவுக்கு மேல் டைமர் வைப்பது அடுத்த வழி. அந்த நேரத்தில் தேவை குறைந்திருக்கும், காற்றாலை உள்ள இடங்களில் காற்றும் இருக்கும். பகலில் அலுவலக வாகன நிறுத்தத்தில் சாதாரண பிளக் பாயிண்ட் வைப்பது, நெடுஞ்சாலையில் பெரிய சார்ஜர் வைப்பதைவிட மின்தொகுப்புக்கு நல்லது. ஆனால் ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கத் தோதானது நெடுஞ்சாலைச் சார்ஜர்தான்.

சாதாரண பிளக் பாயிண்ட் என்று சொன்னதால் ஒரு எச்சரிக்கை. முதல் வருடம் நான் பழைய சுவர் பாயிண்டிலேயே ஏற்றினேன். ஒரு நாள் காரை எடுக்கப் போனபோது லேசாக ஒரு வாடை, சூடான பிளாஸ்டிக் வாடை. பிளக்கைப் பிடுங்கினால் கை சுட்டது. வெள்ளைத் தட்டில் கீழ்த்துளையைச் சுற்றிக் காப்பி நிறத்தில் ஒரு வளையம். உள்ளே திறந்து பார்த்த எலக்ட்ரீஷியன், திருகு தளர்ந்த கம்பியைக் காட்டினார். வீட்டுப் பாயிண்ட்கள் இஸ்திரிப் பெட்டி மாதிரி அரை மணி ஓடும் சாமான்களை நினைத்துப் போடப்பட்டவை. ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் முழு மின்னோட்டம் போனால், சின்னத் தளர்வுகூடச் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். காருக்கென்று மீட்டர் பலகையிலிருந்து நேராகத் தனி வயர், தனி பிரேக்கர், கசிவு மின்சாரத்தைப் பிடிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச், சரியான எர்த். இது நான்கும் இல்லாமல் தினமும் ஏற்றாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சுருளாக வைத்தபடி ஏற்றுவது அதைவிட மோசம். வாரத்துக்கொரு தடவை, சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் கழித்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. சுட்டால் நிறுத்திவிடுங்கள்.

பேட்டரி தீப்பிடிக்கும் என்று பயந்தவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பிளக் பாயிண்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் யாரும் கேட்காதது. ஒரு காலை கார் திறக்கவே இல்லை. பேட்டரி 70 சதவீதம் என்று போன் செயலி முந்தின இரவு காட்டியது. கதவு, திரை, எதுவும் உயிரில்லை. காரணம் பெரிய பேட்டரி அல்ல. ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இருக்கிற அதே 12 வோல்ட் குட்டி பேட்டரி. கணினியை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சை மூடுவதும் அதன் வேலை. அது படுத்துவிட்டால் 50 யூனிட் கையில் இருந்தும் பிச்சைக்காரன்தான். மச்சானைத்தான் கூப்பிட்டேன். டீசல் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பினார். அன்று அவர் பேசாமல் இருந்தது எனக்குப் பேசியதைவிட அதிகமாகக் கேட்டது. மூன்று, நான்கு வருடத்துக்கொரு தடவை அந்தக் குட்டி பேட்டரியைச் சோதித்துவிடுங்கள்.

கூரைக்கு வருகிறேன். பலகை போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் ஆள், "இனிமே உங்களுக்குக் கரண்ட் கட்டே கிடையாது" என்றார். இரண்டாவது மாதம் உச்சி வெயிலில் மின்தடை. கூரையில் சூரியன் கொளுத்துகிறது, கீழே ஃபேன் ஓடவில்லை. ஏமாற்றிவிட்டார் என்று கொதித்தேன். ஓரளவு ஏமாற்றுத்தான், ஆனால் கோளாறு இல்லை. வெளியே மின்சாரம் போனால், பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் செத்த லைன் என்று நினைத்துத் தொடும் கம்பியில் என் வீட்டு மின்சாரம் ஓடும். மின்தடையிலும் வேண்டும் என்றால் பேட்டரியும், வெளி லைனைத் துண்டித்துக்கொள்ளும் வகை இன்வர்ட்டரும் வேண்டும், செலவும் வேறு. கையெழுத்துப் போடுவதற்கு முன், "மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளிக் கரண்ட் போனால் என் வீட்டில் எது எது ஓடும்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இதைவிட விசித்திரம். தெருவில் கூரைப் பலகைகள் ஒவ்வொன்றாக அதிகமான பிறகு, நல்ல வெயில் நாட்களில் பன்னிரண்டு மணி வாக்கில் என் இன்வர்ட்டர் தானாக நிற்கத் தொடங்கியது. திரையில் மின்னழுத்தம் அதிகம் என்ற செய்தி. எல்லா வீடும் ஒரே நேரத்தில் வெளியே தள்ள, வாங்குவதற்கு ஆள் இல்லாமல் லைனில் அழுத்தம் ஏறுகிறது. ஒரு நாள் இன்வர்ட்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். 251, 252, 253 வோல்ட். காரைச் செருகினேன். நாலைந்து வினாடியில் சார்ஜை இணைக்கும் ரிலே சுவிட்ச் ஒரு சத்தம் போட்டது, எண் 249-க்கு இறங்கியது. இன்வர்ட்டர் நிற்கவில்லை. கார் மின்தொகுப்புக்குச் சுமை என்று படித்திருக்கிறேன், மாலையில் அது நிஜமும்கூட. அதே கார், அதே பிளக், மதியத்தில் மருந்து. அன்று நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் இருண்டபோது இந்த 253 வோல்ட்தான் ஞாபகம் வந்தது. மின்சாரம் முழுதாகத் திரும்பும் முன்பே இரு தரப்பும் தீர்ப்பு எழுதிவிட்டன: ஒருவர் எல்லாம் சோலாரால் வந்த வினை என்றார், இன்னொருவர் சோலாருக்குச் சம்பந்தமே இல்லை என்றார். ஐரோப்பிய வல்லுநர் குழு விசாரித்துச் சொன்னது, மின்னழுத்தம் கட்டுக்கு மீறி ஏறி, அதனால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகியது என்று. அழுத்தத்தைப் பிடித்துவைக்க யாருக்குப் பொறுப்பு, எந்தக் கருவிக்கு அனுமதி, எதற்குக் கூலி என்கிற சலிப்பூட்டும் விதிகளின் கதை அது. இதற்கெல்லாம் கருவி இல்லாமலும் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017-இல் நூறு நாளுக்குள் வைத்து முடித்த 100 மெகாவாட் பேட்டரி, மின்தொகுப்பு ஆடும்போது நொடிக்குள் தாங்கிப் பிடிக்கிறது. விதிப் புத்தகம்தான் கருவிக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடி வருகிறது.

விதி என்றதும் என் வயிற்றெரிச்சல் ஒன்று. கூரைப் பலகை போட்டபோது வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு ஒரு விலை சொன்னார்கள். அதை வைத்து ஆறு வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாவது வருடம் அந்த விலை பாதிக்கும் கீழே போனது. கோபத்தில் ஒரு நீண்ட மனு எழுதினேன், பதில் இரண்டு வரி. பிறகு படித்துப் பார்த்தால், என் கதை ஒன்றும் புதிதில்லை. ஸ்பெயின் 2007-இல் சூரிய மின்சாரத்துக்குத் தாராளமான விலை அறிவித்தது, 2008-இல் எல்லோரும் குவிந்தார்கள், பிறகு ஏற்கெனவே போட்டவர்களுக்கும் சேர்த்துக் குறைத்தது; முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள். 2015-இல் சொந்தக் கூரையில் எடுத்துச் சொந்தமாகப் பயன்படுத்துவதற்கே கட்டணம் என்றார்கள், மக்கள் அதற்குச் சூரிய வரி என்று பெயர் வைத்தார்கள், 2018-இல் அதுவும் போனது. கலிபோர்னியா 2023 ஏப்ரலில் புதிதாக இணைகிறவர்களுக்கு வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பை ஏறக்குறைய முக்கால் பங்கு வெட்டியது. எதிர்ப்பக்கம் ஜெர்மனி. 2000-இல் போட்ட சட்டத்தில் இருபது வருட விலை என்று எழுதி, அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அதைக் காப்பாற்றியது. ஆனால் அதே ஜெர்மனி மின்கார் மானியத்தை 2023 டிசம்பரில் ஒரு நாள் முன்னறிவிப்பில் மூடியது. மறு வருடம் அங்கே மின்கார் விற்பனை கால்பங்குக்கு மேல் விழுந்தது.

கோபம் ஆறிய பிறகு ஒன்றை ஒத்துக்கொண்டேன். மதியம் எல்லாக் கூரையும் தள்ளும்போது என் யூனிட்டுக்கு மதிப்புக் குறைவுதான். ஜெர்மனியில் அந்த நேரத்து மொத்தச் சந்தை விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும் நாட்கள் உண்டு. மாலை ஏழரைக்கு நான் வாங்கும் யூனிட்டையும் மதியம் நான் தள்ளும் யூனிட்டையும் ஒரே விலையில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டது, மச்சான் மாதிரி கூரைப் பலகை இல்லாதவர் பில்லில் போய் ஒட்டும். குறைத்ததில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு விலை சொல்லிவிட்டு நடுவில் மாற்றியதில்தான்.

பிரிட்டனில் புதிய பெட்ரோல், டீசல் கார் விற்பனை எந்த ஆண்டோடு முடியும் என்பதைப் பாருங்கள். 2017-இல் 2040 என்றார்கள். 2020 தொடக்கத்தில் 2035, அதே ஆண்டு இறுதியில் 2030. 2023-இல் மறுபடி 2035. ஆட்சி மாறியதும் மறுபடி 2030. கார்த் தொழிற்சாலை போட ஆகும் காலத்துக்குள் இலக்கு எத்தனை தடவை நகர்ந்திருக்கிறது! இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 1979-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் சூரிய வெந்நீர்ப் பலகைகளை வைத்தார். ரீகன் காலத்தில், 1986-இல், கூரை பழுதுபார்த்தபோது கழற்றியவற்றைத் திரும்ப மாட்டவில்லை. பலகை எந்தக் கட்சியிலும் சேரவில்லை, சேர்த்தது நாம்தான்.

எனவே இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இரண்டு கணக்குப் போடச் சொல்கிறேன். ஒன்று, மானியம் பூஜ்யம், வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு விலை பூஜ்யம், பலகை வருடத்துக்கு அரை சதவீதம் தேயும் என்று வைத்துக்கொண்டு. அதில் தாக்குப் பிடித்தால் போடுங்கள். இரண்டாவது கணக்கு, நிறுவனத்துக்காரர் காட்டுகிற கணக்கு. அது தித்திக்கும், ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மானியம் வந்தால் லாபம். வராவிட்டால் திட்டிக்கொண்டாவது தூங்கலாம்.

மானியம் பற்றி மச்சானுக்கு இன்னொரு வருத்தம். "என் வரிப்பணத்துல உங்க காரு." முதலில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்கள் என்பது உண்மை, எனக்கும் அது உறுத்தும். நானும் விடவில்லை. 2022-இல் உலக அரசுகள் பெட்ரோல், டீசல், எரிவாயு, நிலக்கரி விலையைத் தாங்கிப் பிடிக்க நேரடியாகச் செலவிட்டது 1.3 லட்சம் கோடி டாலர் என்று சர்வதேச நாணய நிதியம் கணக்கிட்டிருக்கிறது. அதைச் சொன்னதும், "அப்ப ரெண்டு பேரும் ஓசியிலதான் ஓட்டுறோம்" என்றார். அன்றைக்கு எங்கள் வாதம் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு முடிந்தது.

நீண்ட பயணம் பற்றிச் சுருக்கமாக. ஒரு தடவை 12 சதவீதத்தில் ஒரு சார்ஜர் நிலையத்தை அடைந்தேன். ஒன்றின் திரை உறைந்துபோயிருந்தது. இன்னொன்றின் கேபிளை யாரோ செம்புக்காக வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதிலிருந்து 25 சதவீதம் இருக்கும்போதே நிறுத்துவது, மாற்று நிலையம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது, 80 தாண்டினால் காத்திராமல் கிளம்புவது என்று பழகிக்கொண்டேன். 80-க்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும், பின்னால் வரிசையில் நிற்பவர் உங்களைச் சபிப்பார். வீட்டிலும் நிக்கல் வகை பேட்டரிக்கு 80 போதும். இரும்பு பாஸ்பேட் வகை என்றால் அவ்வப்போது 100 வரை போவது நல்லது, அளவுமானி சரியாகக் காட்டும். எந்த வகை என்று தெரியாமலேயே வண்டி வாங்கியவர்கள் நிறைய. பழைய வண்டி வாங்குவதானால் ஓடிய தூரத்தைவிட பேட்டரியின் ஆரோக்கியச் சதவீதத்தை முதலில் கேளுங்கள்.

பிளக் எந்த வகை என்பதையும் கேளுங்கள். இது சின்ன விஷயமில்லை. ஜப்பானிலிருந்து வந்த சாடெமோ பிளக் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. ஐரோப்பா 2014-இல் சிசிஎஸ் என்ற வேறு பிளக் வகையைப் பொது விதியாக்கிய பிறகு அது அங்கே மெல்லத் தேய்ந்தது. வட அமெரிக்காவில் 2023-இல் ஒவ்வொரு நிறுவனமாக டெஸ்லா பிளக்குக்கு மாறின. இதில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிகிறது. தோற்றுப்போன சாடெமோவில்தான் காரிலிருந்து வீட்டுக்குத் திரும்ப மின்சாரம் கொடுக்கும் வசதி முதலில் நடைமுறைக்கு வந்தது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்சாரத்துக்குத் தவித்த ஜப்பானில், மறு வருடமே காரை வைத்து வீட்டு விளக்கு எரிக்கும் கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. சிசிஎஸ் பக்கம் இருவழிக்கான சர்வதேசத் தரம் 2022-இல்தான் வெளியானது.

எனக்கு வேண்டியது அதுதான். மதியம் ஏற்றியதில் நாலு யூனிட்டை மாலை ஏழரைக்கு வீட்டுக்குத் திரும்பக் கொடுத்தால், அந்த நேரத்தில் நான் நிலக்கரியைத் தொடவே வேண்டாம். காரின் கையேட்டில் அந்த வசதி இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. அதற்கேற்ற சார்ஜரும் சந்தையில் இருக்கிறது. மின்நிறுவனத்தில் அனுமதி கேட்டு மூன்று தடவை எழுதினேன். முதல் பதில், படிவம் இன்னும் தயாராகவில்லை. இரண்டாவது பதில், சூரிய மின்சாரப் படிவத்தையே நிரப்பச் சொன்னது. நிரப்பி அனுப்பினேன். கார் கூரையில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் மச்சான் வந்திருந்தபோது நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எட்டாவதாக நான் கோடு போட்டு வைத்திருக்கும் பத்தியில் விரலை வைத்து, "இது என்ன, திரும்பக் கொடுத்ததுன்னு தலைப்பு மட்டும் இருக்கு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு மணி பார்த்தார். ஏழே கால். "சரி, கேபிளைக் கழட்டிடுங்க மொதல்ல" என்றார். அன்று நான் மறந்து செருகி வைத்திருந்தேன்.